நாற்பத்தேழு முறை தங்கிய அத்தாயி

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்குத்தான் நல்லது. வக்கீலும் அதையே சொன்னார். போன் வந்த விஷயத்தை எங்கும் வாய் திறக்காதே என்றார். ஆனால் நடந்தது நடந்ததுதான். நான், சாதிக் பாஷா, பெருமாள் அண்ணன், சிவரஞ்சனி... நான்கு பேர் காதால் கேட்டோம். நான்கு பேருக்கும் ஒரே மாலையில் பைத்தியம் பிடித்தது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் ஃபெபி. ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு ரிசார்ட்டில் ஒன்பது வருடம் ரிசப்ஷனில் இருந்தேன். கடைசி நான்கு வருடம் பொறுப்பு என்னுடையது. ரிசார்ட்டின் பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. இருபத்தாறு அறைகள். முன்னால் சில்வர் ஓக் மரங்கள், பின்னால் காப்பித் தோட்டம், அதற்கும் பின்னால் பள்ளம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் என் அசிங்கத்தை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்ப்யூட்டரில் ஆதார் படத்தை ஏற்றாமல் யாருக்கும் அறை கொடுக்க முடியாது. சாவிக் கார்டே வராது. ஆனால் சனி ஞாயிறுகளில் மலையேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கார்டை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். சிலர் இருந்தாலும் காட்ட மாட்டார்கள். வாசலில் பத்து கார் நிற்கும். மேனேஜர் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் கத்துவார். அந்த நேரத்தில் நாங்கள் பழைய விருந்தினர் ஒருவரின் ஆதாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடுவோம். பெயரும் நம்பரும் அவருடையது, அறைக்குள் போவது வேறு யாரோ.

அந்தப் படங்கள் ஆங்கில எழுத்து வரிசையில் இருக்கும். திறந்ததும் முதல் வரிசையிலேயே நிற்பவர் அத்தாயி. ஐம்பத்து நான்கு வயது. நெற்றியில் பெரிய குங்குமம். கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் பயந்த முகம். மே மாதத்திலிருந்து நவம்பர் வரை நாற்பத்தேழு முறை அந்த முகத்தை அறைக்கு அனுப்பியிருக்கிறோம். எங்களுக்குள் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கார்டு இல்லையா, அத்தாயியைப் போடு. போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். ஆரம்பித்து வைத்த புண்ணியவதி நான்தான்.

யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியல் தினமும் மாலை ஆறு மணிக்குத் தானாகவே போலீஸுக்குப் போகும். அதில் அத்தாயியின் பெயரும் போகும். அது எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. ஏற்காட்டுக்காரர்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு வாசல் விளக்குக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று அறைகளில்தான் ஆட்கள். அவர்களும் படகுத்துறைக்குப் போய்விட்டார்கள்.

சரியாக 3:40க்கு சாதிக் பாஷா வந்தார். ஒண்டிக்கடை முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர். மலையில் ஐந்து ஹோட்டல்களின் கம்ப்யூட்டர்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அந்த மாதம் எங்கேயோ ஒரு ஹோட்டலின் கம்ப்யூட்டரை முகம் தெரியாத ஆட்கள் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்களாம். அதைக் கேட்டுப் பயந்துபோன எங்கள் முதலாளி, நமக்கு அப்படி வந்தால் தாங்குவோமா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்.

வந்தவர் கால் மணி நேரம் என்னைத் திட்டினார். ஆறு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு. அதையும் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். தங்கிப் போனவர்களின் ஆதார் படங்களை ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். கம்ப்யூட்டர் செத்தாலும் எந்த அறையில் யார் என்று ஒரு காகிதமாவது கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி, மணிக்கு ஒரு முறை பிரின்டர் தானாகப் பட்டியல் அடிக்கும்படி செய்து வைத்தார். அவர் பேசுவது பாதி காதில் விழுந்தது. 3:52க்கு ஒரு மெயில் வந்திருந்தது. உங்கள் அறையில் மூட்டைப்பூச்சி, படம் இணைத்திருக்கிறேன், நடவடிக்கை எடுக்காவிட்டால் எல்லா இடத்திலும் போடுவேன் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவர் மேஜைக்கு அடியில் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் படத்தைத் திறந்தேன். படம் வரவில்லை. மூடிவிட்டேன்.

4:05க்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தலையெல்லாம் பனித்துளி. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பேர் சிவரஞ்சனி என்றாள். கையில் ஒரு போட்டோ. நான் அதை வாங்கிப் பார்த்தேன்.

குங்குமம் அதே. முகம் அதே. இதில் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது என்ற அம்மாங்க. இங்க பதினாலாம் நம்பர் ரூம்ல இருக்காங்கன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயர்றேனுங்க."

 முந்தின நாள் இரவு பதினாலில் தங்கியது கார்டு காட்டாத ஒரு இளஞ்ஜோடி. அத்தாயியைப் போட்டவள் நான். ஜோடி மதியமே கிளம்பிவிட்டது.

அவங்க காலி பண்ணிட்டாங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்குப் பிடிக்காத கல்யாணம். இரண்டு வருடம் பேச்சு இல்லை. இவள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மா மனம் இளகி, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வேண்டுதல் வைத்துத் தனியாக மலையேறினார். அதோடு சரி. வீடு திரும்பவில்லை. புகார் கொடுத்த மறுநாளே ஸ்டேஷனில் கூப்பிட்டு, உங்கம்மா நன்றாக இருக்கிறார், ஏற்காட்டில் ரூம் எடுத்திருக்கிறார், கோபம் தீர்ந்தால் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு எப்போது கேட்டாலும் அதே பதில். நேற்றுகூடத் தங்கியிருக்கிறாரே என்று. இவள் எங்கள் ரிசார்ட்டுக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறாள். விருந்தினர் விவரத்தைச் சொல்லக் கூடாது என்று ஒரு அம்மா போனை வைத்துவிட்டாராம். அந்த அம்மாவும் நான்தான். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறதாம். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கிறது என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். 6:30 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

"நொம்ப கோவம் போலிருக்குதுங்க அம்மாவுக்கு. எம்மேல இருக்கட்டும். கொழந்தைய ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. அது என்னங்க பண்ணுச்சு?"

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் வேலை போகும், போலீஸ் வரும் என்று பயம். அவள் அம்மா எங்கேயாவது உயிரோடு இருப்பார், நான் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கேடுகெட்ட கணக்கும் ஓடியது. டீ வாங்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்த தர்மம் அவ்வளவுதான்.

4:50. கம்ப்யூட்டர் திரை கறுத்தது.

சாதிக் பாஷாவைப் பார்த்தேன். உங்கள் சோதனையா என்றேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."

திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், உங்கள் விருந்தினர்களின் அடையாள அட்டைகள் எங்களிடம் இருக்கின்றன, இதோ சாட்சி என்று ஆங்கிலத்தில். கீழே படங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. எல்லாம் ஒரே முகம். அத்தாயி... அத்தாயி... அத்தாயி... திரை நிறைந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பின்னால் பெரிய கண்ணாடிச் சன்னல். வெளியே பனி அடைத்திருந்ததால் அது முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சிவரஞ்சனிக்கு அதில் திரை முழுக்கத் தெரிந்திருக்கிறது. எழுந்து வந்தாள்.

அம்மா ஏன் இத்தனை தடவை வருகிறார் என்று கேட்டாள். இது திருடர்கள் செய்கிற வேலை என்று சொன்னேன். பாதி உண்மைதான்.

சாதிக் பாஷா எல்லா ஒயரையும் பிடுங்கினார். இன்டர்நெட், கம்ப்யூட்டர், எல்லாம். திரை அணைந்தது. லாபியில் திடீரென்று சத்தமே இல்லை.

5:00. பிரின்டர் ஓடியது.

கம்ப்யூட்டருக்கும் அதற்கும் இடையில் இருந்த ஒயர் சாதிக் பாஷாவின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏற்கெனவே அனுப்பியது உள்ளே தங்கியிருக்கும் என்று முணுமுணுத்தார். நான் காகிதத்தை எடுத்தேன். இருபத்தாறு அறைகள். இருபத்தாறு வரிகளிலும் அத்தாயி. காலி செய்த நேரம் என்ற இடம் மட்டும் எல்லா வரியிலும் வெறுமையாக இருந்தது.

அதை மடித்துப் பாக்கெட்டில் போட்டேன். சிவரஞ்சனி பார்க்கக் கூடாது.

5:12. இன்டர்காம் அடித்தது. சின்னத் திரையில் அறை எண் தெரிந்தது. 14.

காலி அறை. எடுத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சில்வண்டுச் சத்தம். இலையில் மழை சொட்டுகிற சத்தம். நான்கு சுவருக்குள் இருந்து பேசினால் அப்படிக் கேட்காது. யாரோ மிகவும் மெதுவாக மூச்சு விட்டார்கள்...

வைத்துவிட்டேன்.

5:14. மறுபடியும். இந்த முறை 9.

அதே சில்வண்டு. அதே மழை. வெளியே அப்போது மழையே இல்லை.

பெருமாள் அண்ணனைக் கூப்பிட்டேன். பெட்டி தூக்குவது, அறைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். ஐம்பது வயது. எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். அவரும் சாதிக் பாஷாவும் நானும் பதினாலைத் திறந்தோம். மணி 5:20. மடிப்புக் கலையாத படுக்கை. போன் அதன் இடத்தில். மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள்.

பெருமாள் அண்ணன் ஒன்றை எடுத்தார். ஆட்டிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

மூடியின் சீல் உடையவில்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இரண்டாவதும் அப்படியே. ரெண்டு மணிக்குத்தான் வைத்தேன் மேடம், கனமாக இருந்தது என்றார் அவர்.

ஒன்பதுக்கு ஓடினோம். அங்கேயும் இரண்டு பாட்டில். சீல் அப்படியே. காலி.

இருபத்திரண்டையும் திறந்தோம். அங்கேயும் காலி.

சாதிக் பாஷா ஏதோ ஓத ஆரம்பித்தார். நான் இயேசப்பா, இயேசப்பா என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினேன். ஒன்பது வருடம் நடந்த வராந்தா. அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.

ரிசப்ஷனில் இன்டர்காம் அடித்துக்கொண்டிருந்தது. சிவரஞ்சனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

5:31. சாதிக் பாஷா சுவரிலிருந்த இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் கரண்டைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. மணி நின்றது.

எல்லாரும் மூச்சு விட்டோம்.

5:33.

டிரிங்... டிரிங்...

அறை எண் தெரிகிற சின்னத் திரையில் இப்போது ஒன்றுமே இல்லை. ஆனால் மணி அடித்தது.

நான் கையை நீட்டவில்லை. யாரும் நீட்டவில்லை. சிவரஞ்சனிதான் எடுத்தாள். ஏன் எடுத்தாளோ. காதில் வைத்தாள்.

அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"அம்மா..."

நான் குனிந்து என் காதையும் வைத்தேன். மழைச் சத்தம். சில்வண்டு. பிறகு ஒரு குரல். நாக்கு உலர்ந்துபோன குரல்.

"கண்ணு... நான் ரூம்ல இல்ல சாமி..."

அவ்வளவுதான்.

 தரையில் உட்கார்ந்தேன். ரிசீவர் ஒயரில் ஆடிக்கொண்டிருந்தது. சிவரஞ்சனி என்னையே பார்த்தாள். அம்மா ரூம்ல இல்லையாமே என்று குழந்தையைப் போல என்னிடம் கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.  சொல்லிவிட்டேன்.

"உங்கம்மா இங்க தங்குனது ஒரே ஒரு நாள்தான்ம்மா. மே பதினாலு. மத்ததெல்லாம் நாங்க போட்டது. அவங்க திரும்பி வரவே இல்ல."

அவள் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எந்த வழியா போனாங்க?" என்றாள்.

அப்போதுதான் அந்தக் காலை எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. திருவிழா மழையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்து நின்றார் என்று, பாவப்பட்டுக் கடைசியிலிருந்த சின்ன அறையைக் கொடுத்தது நான். ஆதாரை வாங்கிப் படம் எடுத்ததும் நான். மறுநாள் காலை 6:10க்குக் கிளம்பினார். கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் கார்டு இல்லாமல் ஒரு கல்லூரிக் கும்பல் வந்தது...

பெருமாள் அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். 

"பஸ்ஸுக்குச் சீக்கிரமா போவணும்னு கேட்டாங்க. நான்தாங்க தோட்டத்துக் குறுக்குப் பாதையக் காட்டி உட்டேன்."

டார்ச் இரண்டு இருந்தது. நான்கு பேரும் பின்வாசலால் இறங்கினோம். மணி 6:04. போலீஸுக்குப் பட்டியல் போகாத முதல் நாள் அது. ஏனோ அந்த நேரத்தில் அது தோன்றியது.

காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. டார்ச் வெளிச்சம் நான்கடிக்கு மேல் போகவில்லை. பனி முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. சிவரஞ்சனி முன்னால் போனாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டாள். அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். பதில் இல்லை. காப்பிச் செடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும்.

6:30. கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்தோம். எந்தப் பக்கம் என்று பெருமாள் அண்ணனுக்கே தெரியவில்லை. இந்த வருட மழையில் மண் சரிந்து எல்லாம் மாறிப்போயிருந்தது. இடது பக்கம் போய்த் திரும்பினோம். வலது பக்கம் போய்த் திரும்பினோம். கை, கால் எல்லாம் முள். மறுபடியும் அதே இடத்தில் நின்றோம். 6:55.

சிவரஞ்சனி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சேலை முன்பக்கம் பாலால் நனைந்திருந்தது. அவள் பனியைப் பார்த்துப் பேசினாள். கோபமெல்லாம் இல்லையே அம்மா, எங்கே இருக்கிறாய் என்று சொல்லிவிடு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் பக்கத்தில் முட்டி போட்டேன். என்ன ஜெபம் செய்தேன் என்று தெரியாது. எனக்காகச் செய்யவில்லை. அது மட்டும் தெரியும்.

6:58.

சாதிக் பாஷா என் தோளைப் பிடித்தார். 

"கேக்குதுங்களா..."

கேட்டது.

கீழே. பள்ளத்துக்குள்ளிருந்து.

டிரிங்... டிரிங்...

எங்கள் ரிசப்ஷன் இன்டர்காம் மணி. ஒன்பது வருடம் கேட்ட மணி. அது தப்பாது.

மேலே ரிசார்ட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே எந்தச் சத்தமும் இல்லை. கீழேதான். இலைகளுக்கு அடியில். இருட்டுக்குள்.

டிரிங்... டிரிங்...

சரிந்த மண் மேட்டுக்கு அப்பால் போனோம். பள்ளத்து ஓரத்துக் கல்கட்டு உடைந்திருந்தது.

மணி பெரிதானது.

பெருமாள் அண்ணன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேரைப் பிடித்து இறங்கினார்.

அவர் வெளிச்சம் கீழே போனது.

போனது.

நின்றது.

மணியும் நின்றது.

7:14.

"மேடம்... அந்தப் புள்ளையக் கூட்டிட்டு மேல போயிருங்க."

அவள் போகவில்லை. நானும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. அவளே இறங்கினாள். நான் மேலே நின்று டார்ச் அடித்தேன். மஞ்சள் துணிப்பை ஒன்று தெரிந்தது. சேலையின் கரை தெரிந்தது. அதற்கு மேல் நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி அத்தாயியை மேலே கொண்டுவந்தார்கள். மணி அடித்தது எது என்று தேடி அந்தப் பள்ளத்தை முழுக்க அலசினார் சாதிக் பாஷா. போன் இல்லை, ஒயர் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தாயி கைபேசியே வைத்திருந்ததில்லையாம். எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் கரண்ட் ஒயரை மறுநாள் பகலில்தான் மறுபடி சொருகினார்கள்.

கம்ப்யூட்டர் விஷயம் தனி. அது நிஜமான திருட்டுதான், அந்த மூட்டைப்பூச்சிப் படம் வழியாக வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என்னால் வந்தது. ஆனால் அவர்கள் கம்ப்யூட்டரைத்தான் பூட்டினார்கள். இன்டர்காம் அதோடு இணைந்ததே இல்லை என்று சாதிக் பாஷா எழுதிக் கொடுத்தார். பாட்டில்களைப் பற்றி அவர் எழுதவில்லை. எழுதினால் தொழில் போகும் என்றார். நான் குறை சொல்லவில்லை.

எனக்கு வேலை போனது. போலீஸில் எல்லாவற்றையும் சொன்னேன், போனைத் தவிர. இப்போது சேலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். யாராவது ஆதாரை நீட்டினால் முகத்தைப் பார்க்காமல் காப்பி எடுத்துக் கொடுக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஜனவரியில் சிவரஞ்சனியிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்றாள். விழுந்த உடனே போயிருப்பார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அப்படி நினைத்துத்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இடது கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்ததாம். உடைந்த இடத்தில் புது எலும்பு வளர ஆரம்பித்திருந்ததாம். செத்தவர்களுக்கு எலும்பு வளராது. குறைந்தது பன்னிரண்டு நாளாவது அந்தப் பள்ளத்தில் அவர் உயிரோடு கிடந்திருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். எங்கள் பட்டியலைப் பார்த்துப் போலீஸ் தேடுவதை நிறுத்தியது மூன்றாம் நாள்.

அவள் இதை வாசித்துக் காட்டினாள். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"ஏனுங்க, அந்தப் பன்னெண்டு நாள்ல எங்கம்மாவ எத்தன தடவ ரூம்ல போட்டீங்க?"

எனக்குத் தேதி எல்லாம் மனப்பாடம். நாலு தடவை என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.